மணிக்கூட்டை மாற்றலாம், இடைவெளியை மாற்ற முடியாது

டிசெம்பர் 26ஆம் திகதி காலை 9.25 தொடக்கம் 9.27 வரை சுனாமியில் இறந்தவர்களுக்காக நாடு முழுவதும் இரண்டு நிமிட மௌனம் கடைப்பிடிக்கப்படுகிறது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று எங்கள் கரையோரத்தில் அந்த இரண்டு நிமிடத்துக்கு ஆள் இழக்காத தெரு குறைவு. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஆனால் 2004 டிசெம்பரில் இலங்கையின் உத்தியோகபூர்வ நேரம் கிரீன்விச் நேரத்தை விட 6 மணித்தியாலம் முன்னால் இருந்தது. இன்று அது 5 மணித்தியாலம் 30 நிமிடம். அதனால் அன்று மணிக்கூடு 9.25 காட்டிய அதே கணம், இன்றைய மணிக்கூட்டில் காலை 8.55. நாம் தலைகுனிந்து நிற்கத் தொடங்கும்போது அந்தக் கணம் கடந்து அரை மணித்தியாலம் ஆகியிருக்கிறது.

நினைவுகூர்தலுக்கு இது ஒரு குறையல்ல. ஆனால் கணினிக்கு நிரல் எழுதுகிறவர்களை நாற்பது ஆண்டுகளாகத் தொல்லைப்படுத்தும் ஒரு சிக்கலை நம்முடைய வாழ்க்கையில் இருந்தே விளங்கிக்கொள்ள இது நல்ல இடம். ‘எத்தனை மணிக்கு?’ என்பதும் ‘எவ்வளவு நேரம்?’ என்பதும் இரண்டு வேறு கேள்விகள். முதலாவதற்கான விடையை ஓர் அரசாங்கம் வர்த்தமானி மூலம் மாற்றலாம். இரண்டாவதை யாராலும் மாற்ற முடியாது.

சுமாத்ராவுக்கு அருகே கடலடி அதிர்ந்தது கிரீன்விச் நேரம் 0.58க்கு. கல்முனை மணிக்கூட்டில் அப்போது காலை 6.58. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் 6.28. அங்கிருந்து அலை இலங்கைக் கரைக்கு வர எடுத்தது ஒன்றரை மணித்தியாலத்துக்கும் இரண்டு மணித்தியாலத்துக்கும் இடைப்பட்ட நேரம். எந்த மணிக்கூட்டை வைத்துப் பார்த்தாலும் இந்த இடைவெளி ஒன்றுதான். ஹவாயில் உள்ள பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் அதிர்வு நிகழ்ந்து 15 நிமிடத்தில் தன் முதல் அறிவித்தலை விடுத்தது. பசுபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்பதே அதில் இருந்தது. இந்து சமுத்திரத்துக்கென்று ஓர் எச்சரிக்கை முறை அன்று இருக்கவில்லை. கையில் இருந்த அந்த இடைவெளி வீணாகப் போனது.

ஒரு தீவு, இரண்டு நேரம்

முப்பத்தைந்து வயதைத் தாண்டிய எவருக்கும் ‘புது நேரமா, பழைய நேரமா?’ என்ற கேள்வி நினைவிருக்கும். 1996இல் மின்சார நெருக்கடி முற்றியபோது, பகல் வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கவென்று அரசாங்கம் மே 25ஆம் திகதி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. கிரீன்விச்சுடனான வித்தியாசம் ஆறரை மணித்தியாலமானது. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்னே இழுத்து ஆறு மணித்தியாலமாக்கினார்கள். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அப்படியே ஓடியது. 2006 ஏப்ரல் 15ஆம் திகதி அதிகாலை 12.30 ஆக வேண்டிய நேரம் மீண்டும் நள்ளிரவு 12 ஆனது. அன்று தொடக்கம் பழைய ஐந்தரை.

விடுதலைப் புலிகள் 1996 மாற்றத்தை ஏற்கவில்லை. அவர்களுடைய கட்டுப்பாட்டுப் பகுதியில் மணிக்கூடுகள் தொடர்ந்து ஐந்தரையிலேயே ஓடின. சமாதான காலத்தில் ஓமந்தையைக் கடந்தவர்கள் கைமணிக்கூட்டையும் அரை மணித்தியாலம் திருப்பினார்கள். நேரம் கூட யாருடைய ஆட்சி என்பதைச் சொல்லும் அடையாளமாக இருந்தது.

சூரியனுக்கு இதெல்லாம் தெரியாது. கல்முனை ஏறத்தாழ 81.8 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் இருக்கிறது. ஐந்தரை மணி நேரம் கணிக்கப்படும் கோடு 82.5 பாகை. இரண்டுக்கும் இடையே மூன்று நிமிடம்கூட இல்லை. அதனால் பழைய நேரத்தில் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது, ஆண்டுச் சராசரியாக 12.03 அளவில். 1996 நடுப்பகுதியில் அதே சராசரி உச்சி 1.03 ஆனது. பிறகு பத்து ஆண்டுகள் 12.33. உச்சி சாய்ந்த பிறகே ளுஹர். தொழுகை நேர அட்டவணையின் ஐந்து வக்துகளும் ஒரே நாளில் ஒரு மணித்தியாலம் நகர்ந்தன. ஆனால் ஸஹருக்கும் நோன்பு திறப்பதற்கும் இடையில் உள்ள நேரம் ஒரு நிமிடமும் கூடவோ குறையவோ இல்லை.

கணினிக்குள் இருக்கும் இரண்டு கடிகாரங்கள்

இப்போது கணினிக்கு வருவோம். உங்கள் திரையின் மூலையில் தெரிவது சுவர் மணிக்கூடு. அதை நீங்கள் திருத்தலாம், இணையம் திருத்தலாம், அரசாங்கம் திருத்தலாம். உள்ளே இன்னொன்று இருக்கிறது. இயந்திரம் தொடங்கியதில் இருந்து எவ்வளவு நேரம் போனது என்பதை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் அது, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஆசிரியர் கையில் வைத்திருக்கும் நிறுத்தற் கடிகாரத்தைப் போன்றது. மணி எத்தனை என்று அதற்குத் தெரியாது. பின்னோக்கி ஓடவும் ஓடாது.

2006 ஏப்ரலில் ஒரு கொமியூனிகேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். இணையம் பார்க்க வந்தவர் காலை 9.00க்கு அமர்கிறார். 9.30 ஆனபோது கடைக்காரருக்கு நேரம் மாறியது நினைவுக்கு வருகிறது. கணினியின் மணிக்கூட்டை 9.00க்குத் திருப்புகிறார். வந்தவர் இன்னும் பத்து நிமிடம் இருந்து எழும்புகிறார். சுவர் மணிக்கூட்டை வைத்துக் கணக்குப் பார்க்கும் மென்பொருள் 9.10இல் இருந்து 9.00ஐக் கழித்து, பத்து நிமிடத்துக்குப் பில் போடும். உண்மையில் அவர் இருந்தது நாற்பது நிமிடம். 9.20க்கு வந்து 9.35 போல எழும்பியவருக்குக் கழித்தால் வருவது மைனஸ் பதினைந்து நிமிடம்.

மைனஸ் கணக்கு ஒரு கடையின் பில்லோடு நிற்பதில்லை. 2017 ஜனவரி 1ஆம் திகதி, இலங்கை நேரம் காலை 5.30க்கு, பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலக நேரத்தில் ஒரு லீப் செக்கன் சேர்க்கப்பட்டது. உலகின் பெருந்தொகையான இணையத்தளங்களுக்கு நடுவில் நிற்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சில சேர்வர்களில், கோ என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு மென்பொருள் இரண்டு நேரங்களைக் கழித்துப் பார்த்தது. விடை பூச்சியத்துக்குக் கீழே வந்தது. அப்படி ஒன்று வர முடியாது என்று நம்பி எழுதப்பட்ட நிரல் அந்த இடத்தில் விழுந்தது. அந்த ஆண்டு ஓகஸ்ட்டில் வந்த கோ 1.9 பதிப்பில் இருந்து, நேரம் கேட்கும்போதெல்லாம் அந்த மொழி சுவர் மணிக்கூட்டோடு நிறுத்தற் கடிகாரத்தையும் சேர்த்தே குறித்துக்கொள்கிறது. பைதன் மொழி 2012இல் வந்த 3.3 பதிப்பிலேயே தனியான நிறுத்தற் கடிகாரம் ஒன்றைக் கொடுத்திருந்தது.

ஒரு தாதி, இருபது நோயாளர்

கணினியில் பெரும்பாலான வேலைகள் இடைவெளி விட்டு நடப்பவை. ஐந்து செக்கனுக்கு ஒருமுறை புதுச் செய்தி வந்திருக்கிறதா என்று பார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கோப்பைச் சேமி. முப்பது செக்கனுக்குள் பதில் வராவிட்டால் கைவிடு. இப்படிக் குறித்த இடைவெளியில் தட்டி எழுப்பும் ஏற்பாட்டுக்கு இடைவெளி டைமர் என்று பெயர். நிரல் எழுதுகிறவர் ஒரே ஒரு வரியில் அதைக் கேட்டுவிடுவார். அந்த வரியை நிறைவேற்றித் தருவது நிரல்மொழியின் ரன்டைம். அது நிரலுக்கும் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்துக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசும் தரகர்.

தரகருக்கு இருக்கும் முதல் சிக்கல் எண்ணிக்கை. யுனிக்ஸ் குடும்பத்தின் பழைய டைமர் 1983இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பதிப்போடு வந்தது. அதில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்கு உண்மையான நேரத்தை அளக்க ஒரேயொரு டைமர்தான் கிடைக்கும். ஆனால் நிரலுக்குத் தேவைப்படுவது நூறாக இருக்கலாம், ஆயிரமாக இருக்கலாம்.

ஒரு வார்ட்டில் இரவு வேலைக்கு நிற்கும் தாதியை எண்ணிப்பாருங்கள். இருபது நோயாளர். ஒருவருக்கு நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஊசி, இன்னொருவருக்கு அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரத்த அழுத்தம். மேசையில் ஒரே ஓர் அலாரம். அவர் என்ன செய்வார்? அடுத்த முறை வரவேண்டிய நேரப்படி எல்லோரையும் வரிசைப்படுத்தி எழுதுவார். முதலாவது ஆளுக்கு மட்டும் அலாரம் வைப்பார். அது அடித்ததும் வேலையை முடித்து, அவருடைய அடுத்த நேரத்தை வரிசையில் உரிய இடத்தில் எழுதி, இப்போது முதலில் நிற்பவருக்கு அலாரத்தைத் திருப்புவார். ரன்டைம்கள் இன்றும் செய்வது இதையேதான்.

மூன்று வீட்டில் மூன்று வழக்கம்

இரண்டாவது சிக்கல், அந்த அலாரத்தை ஒவ்வோர் இயங்குதளமும் ஒவ்வொரு விதமாக வைத்திருப்பது.

யுனிக்ஸின் பழைய முறையில் அலாரம் அடித்தால் நிரல் செய்துகொண்டிருந்த வேலை இடையில் முறியும். தரவு வரும்வரை காத்திருக்கும் வாசிப்பு பாதியில் நிற்கலாம், திரும்பத் தொடங்க வேண்டும். லினக்ஸ் 2008இல் இதற்கு நல்ல வழி ஒன்றைக் கொண்டுவந்தது. டைமரையே ஒரு கோப்பைப் போலத் திறந்து வைக்கலாம். நேரம் வந்ததும் அந்தக் கோப்பில் வாசிக்க ஏதோ வந்திருப்பதாகத் தெரியும். வாசித்தால், கடைசியாகப் பார்த்ததில் இருந்து எத்தனை முறை அலாரம் அடித்தது என்ற எண்ணிக்கை கிடைக்கும். அப்பிளின் மக் கணினிகளில் இந்த வழி இல்லை. அங்கே நிகழ்வுகளுக்கான ஒரு பொதுவான வரிசையிடம் டைமரையும் பதிவுசெய்ய வேண்டும்.

விண்டோஸ் வேறு உலகம். அதன் வழமையான துடிப்பு செக்கனுக்கு 64 தடவை, அதாவது ஏறத்தாழ 15.6 மில்லிசெக்கனுக்கு ஒன்று. நீங்கள் ஒரு மில்லிசெக்கனில் எழுப்பச் சொன்னாலும் அது அடுத்த துடிப்பு வரும்வரை பார்த்திருக்கும். துடிப்பை வேகப்படுத்தக் கேட்கலாம். அப்போது மடிக்கணினியின் பற்றரி வேகமாக இறங்கும்.

பெயரை நம்பியும் பயனில்லை. நிறுத்தற் கடிகாரம் லினக்ஸிலும் மக்கிலும் ஒரே பெயரில் இருக்கிறது. மடிக்கணினியை மூடி ஒரு மணித்தியாலம் உறங்க வைத்துவிட்டுத் திறந்தால், மக்கில் அந்த ஒரு மணித்தியாலமும் எண்ணப்பட்டிருக்கும். லினக்ஸில் எண்ணப்பட்டிருக்காது. உறக்கத்தையும் எண்ணுகிற கடிகாரம் அங்கே வேறு பெயரில் இருக்கிறது. இந்த வித்தியாசங்களை எல்லாம் மறைத்து, எந்தக் கணினியில் ஓடினாலும் அந்த ஒரு வரிக்கு ஒரே பொருள் இருக்கச் செய்வதுதான் ரன்டைமை எழுதுகிறவர்களின் வேலை.

மூன்றாவது சிக்கல் கொள்கை சம்பந்தமானது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்க வேண்டிய டைமர், ஒரு மணித்தியாலம் உறங்கி எழும்பினால் என்ன செய்ய வேண்டும்? தவறவிட்ட ஆறையும் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கலாம். ஒன்று மட்டும் அடித்துவிட்டு மற்றதை விட்டுவிடலாம். யாவா மொழி இரண்டு விதமான டைமரையும் வைத்திருந்து, எது வேண்டும் என்று கேட்கிறது. கோ மொழியின் டைமர், வாங்குகிறவர் மெதுவாக இருந்தால் தவறியதை விட்டுவிடும். கூலிக் கணக்கென்றால் ஆறும் வேண்டும். மருந்தென்றால் ஆறு வேளை மருந்தை ஒரே நேரத்தில் கொடுக்கக் கூடாது.

சிறு பிழை சேர்ந்தால்

டைமர் எழுதுகிறவர்கள் செய்யும் பொதுவான பிழை, ‘இப்போதில் இருந்து பத்து நிமிடம்’ என்று ஒவ்வொரு முறையும் புதிதாக எண்ணுவது. வேலைக்கு எடுத்த நேரம், எழும்பத் தாமதித்த நேரம் எல்லாம் ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போகும். ‘தொடங்கிய கணத்தில் இருந்து பத்து, இருபது, முப்பது’ என்று முதல் கணத்தை வைத்து எண்ணினால் ஒரு சுற்றின் தாமதம் அடுத்ததுக்குப் போகாது.

சிறு பிழை சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு யுத்த களத்தில் ஒரு பதிவு உண்டு. 1991 வளைகுடாப் போரில், சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நின்ற பேட்ரியட் ஏவுகணை எதிர்ப்பு அமைப்பின் கணினி, நேரத்தை ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்காக எண்ணியது. பத்தில் ஒன்றை இரும எண்ணில் முடிவாக எழுத முடியாது. 24 இலக்கத்தோடு வெட்டியதால் ஒவ்வோர் எண்ணிலும் மிகச் சிறிய பிழை விழுந்தது. அமைப்பை நிறுத்தாமல் ஏறத்தாழ நூறு மணித்தியாலம் ஓடவிட்ட பிறகு பிழை ஒரு செக்கனில் மூன்றில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். பெப்ரவரி 25ஆம் திகதி வந்த ஏவுகணையைக் கணினி தவறான இடத்தில் தேடியது. படைமுகாமில் இருந்த 28 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். திருத்திய மென்பொருள் அங்கே போய்ச் சேர்ந்தது மறுநாள்.

இடைவெளியைச் சரியாக எண்ணி உயிர் காக்கவும் முடியும். 2004க்குப் பிறகு இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை முறை வந்தது. அதில் ஒரு பகுதி ஆழ்கடல் மிதவைகள். அமெரிக்கா வடிவமைத்த மிதவை வகையில், கடலடியில் இருக்கும் கருவி 15 செக்கனுக்கு ஒருமுறை நீரின் அழுத்தத்தை அளக்கிறது. சாதாரண நாளில் அளவுகளைச் சேர்த்து வைத்து ஆறுதலாக அனுப்பும். எதிர்பார்த்ததில் இருந்து அழுத்தம் விலகினால் உடனே 15 செக்கன் அளவுகளையே அனுப்பத் தொடங்கும், பிறகு ஒரு நிமிடச் சராசரிகளை. கடலுக்கு நடுவே யாரும் இல்லாத இடத்தில் ஓர் இடைவெளி டைமர் பிழைக்காமல் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். 2012 ஏப்ரல் 11ஆம் திகதி பிற்பகல் 2.08க்குச் சுமாத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் கடலடி அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது. கிழக்குக் கரையில் மக்கள் எழும்பி உள்நாட்டுக்கு ஓடினார்கள். அன்று பேரலை வரவில்லை. ஆனால் ஓடுவதற்கு நேரம் இருந்தது.

பாங்கு சொல்லாத தொலைபேசி

கைத்தொலைபேசியில் தொழுகை நேரச் செயலி வைத்திருப்பவர்கள் பலருக்கு ஒரு முறைப்பாடு உண்டு. பகலில் சரியாகப் பாங்கு சொல்லும் செயலி, சுபஹுக்கு மட்டும் மௌனமாக இருக்கும். அல்லது தொலைபேசியைக் கையில் எடுத்ததும் தாமதமாகச் சொல்லும்.

மேலே சொன்ன இரண்டு கேள்விகளையும் குழப்பினால் நடப்பது இது. சுபஹ் நேரம் என்பது ‘எத்தனை மணிக்கு?’ என்ற வகை. செயலியை எழுதியவர் அதை ‘இப்போதில் இருந்து ஆறு மணித்தியாலம் கழித்து’ என்று மாற்றி, அன்ட்ரொய்டின் சாதாரண டைமரிடம் கொடுத்திருந்தால், தொலைபேசி ஆழ்ந்து உறங்கும்போது அந்த எண்ணிக்கையும் நின்றுவிடும். இரண்டு மணித்தியாலம் உறங்கினால் பாங்கும் இரண்டு மணித்தியாலம் பிந்தும். இதற்கென்றே அன்ட்ரொய்டில் தனியான அலாரச் சேவை உண்டு, அதைத்தான் பயன்படுத்த வேண்டும். அதிலும் 2015இல் வந்த அன்ட்ரொய்ட் 6 முதல், பற்றரியை மிச்சம் பிடிக்க, அசையாமல் கிடக்கும் தொலைபேசியில் அலாரங்களைச் சேர்த்துப் பிற்போடும் வழக்கம் வந்தது. பிற்போடாதே என்று செயலி தனியாகக் கேட்க வேண்டும். 2021இன் அன்ட்ரொய்ட் 12 முதல், துல்லியமான அலாரத்துக்கென்று ஒரு தனி அனுமதியும் இருக்கிறது.

ஆகவே உங்கள் செயலி மௌனமாக இருந்தால், தொலைபேசியின் செட்டிங்ஸில் அந்தச் செயலிக்குப் போய் இரண்டு விடயங்களைப் பாருங்கள். அலாரம் வைக்கும் அனுமதி கொடுத்திருக்கிறதா? பற்றரிக் கட்டுப்பாட்டில் இருந்து அதற்கு விலக்கு இருக்கிறதா? இரண்டும் சரியாக இருந்தும் சொல்லாவிட்டால் பிழை செயலியை எழுதியவரிடம்.

நம்முடைய பதிவுகளில் இருக்கும் அரை மணித்தியாலம்

உலகின் எந்த ஊரில் எந்தத் திகதியில் என்ன நேரம் இருந்தது என்பதைக் கணினிகள் ஒரு பொது அட்டவணையில் பார்த்துக்கொள்கின்றன. தொலைபேசிகளும் இணைய சேர்வர்களும் பெரும்பாலும் அதையே நம்பி இருக்கின்றன. அதில் இலங்கைக்கு ‘ஆசியா/கொழும்பு’ என்று ஒரே ஒரு வரிசை. 1996இன் இரண்டு மாற்றங்களும் 2006இன் மாற்றமும் திகதியோடு அதில் உண்டு. புலிகளின் பகுதியில் வேறு நேரம் இருந்தது என்பது அந்தக் கோப்பில் மனிதர் வாசிப்பதற்கான குறிப்பாக மட்டும் இருக்கிறது. கணினி குறிப்பை வாசிப்பதில்லை.

இது யாருக்கு முக்கியம்? காணாமல் போனவர்களைத் தேடுகிறவர்களுக்கு, யுத்தகாலப் படங்களையும் கடிதங்களையும் சேர்த்து வைக்கிறவர்களுக்கு, சாட்சியங்களைப் பதிவுசெய்கிறவர்களுக்கு. 2005இல் நடந்த ஒரு சம்பவத்தைக் கட்டுப்பாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றவர் பிற்பகல் நான்கு மணி என்பார். அந்தப் பக்கம் நின்றவர் மூன்றரை என்பார். நேர வித்தியாசத்தை அறியாத ஒருவர் பின்னாளில் இரண்டையும் வாசித்தால், சாட்சிகள் முரண்படுகிறார்கள் என்று எழுதிவிடலாம். இருவரும் உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள். 1996 மே 25க்கும் ஒக்டோபர் 26க்கும் இடையில் அந்த வித்தியாசம் ஒரு மணித்தியாலம். அதன் பிறகு 2006 ஏப்ரல் 15 வரை அரை மணித்தியாலம்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இதில் இருந்து கிடைக்கும் விதி, இடைவெளியை அளக்கச் சுவர் மணிக்கூட்டைப் பார்க்காதே என்பது. பதிவு எழுதுகிறவர்களுக்கான விதியும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த ஆண்டுகளின் நேரத்தை எழுதும்போது, அது யாருடைய மணிக்கூடு என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். ‘புது நேரம்’ அல்லது ‘பழைய நேரம்’ என்ற இரண்டு சொல் போதும். அது தெரியாவிட்டால், ‘ஷெல் விழுந்து கால் மணித்தியாலத்தில் அம்புலன்ஸ் வந்தது’, ‘லுஹர் தொழுகை முடிந்து சற்று நேரத்தில்’ என்று இடைவெளியையாவது எழுதி வையுங்கள். மணிக்கூடு எத்தனை முறை திருப்பப்பட்டாலும் அந்தக் கால் மணித்தியாலம் கால் மணித்தியாலமாகவே இருக்கும்.